கறுப்புப் பையின் கணக்கு

மற்றவர்கள் கட்டி எறிந்த குப்பைப் பையைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையால் பிரித்து, நிறுத்து, எழுதிவைப்பது ஒரு தொழில். லண்டனில் என் பிழைப்பு அதில்தான் தொடங்கியது. கவுன்சில்கள் இந்த வேலையை ஆலோசனை நிறுவனங்களிடம் கொடுக்கும். நாங்கள் குழுவாகப் போய்ப் பிரித்துக் கணக்குக் கொடுப்போம். பிறகு ஒரு கவுன்சிலின் கழிவுப் பிரிவில் மேசை வேலை கிடைத்தது. அங்கே அதே பைகள் தொன்னாகவும் பவுணாகவும் ஒப்பந்தப் பிரிவாகவும் என் முன்னால் வந்தன. கைவேலை, மேசைவேலை இரண்டையும் செய்தவள் என்பதால் 2028இல் வரப்போகும் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். லண்டனில் எங்கள் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டின் நடைபாதையில் கிடக்கும் ஒவ்வொரு கறுப்புப் பைக்கும் அந்தச் சட்டம் காபன் விலை வைக்கப்போகிறது. விலை வைப்பது சரி. அந்த விலையை யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் பிழை.

முதலில் பிரிப்பு வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் எழுதுகிறவர்களில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

விடியற்காலையில், வழக்கமான குப்பை லொறி வருமுன், தெரிந்தெடுத்த தெருக்களில் எங்கள் வண்டி போகும். தெருக்களை மனம்போனபடி எடுப்பதில்லை. தனி வீடுகள், அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட விக்டோரியக் காலத்து வீடுகள், கவுன்சில் அடுக்குமாடிகள், கடைக்கு மேலே உள்ள ஃபிளாட்டுகள் என்று எல்லா வகையிலும் எடுத்தால்தான் பகுதி முழுவதற்கும் கணக்குப் பொருந்தும். ஸ்ட்ரெதத்தில் இந்த வகைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 1930களில் கட்டிய பெரிய மாடி வீட்டுத் தொகுதிகள் ஹை ரோட்டின் ஓரத்திலேயே நிற்கும். அதற்குப் பின்தெருவில் தோட்டத்துடன் கூடிய வீடுகள். அதற்கும் பின்னால் கவுன்சில் வீடுகள். ஒரு காலைக்குள் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துவிடலாம்.

எடுத்துவந்த பைகளை ஒரு கொட்டகைக்குள் மேசையில் கொட்டுவோம். மேசையின் மேற்பரப்புக் கம்பிவலை. மண், சாம்பல், தேயிலைத்தூள், நொறுங்கிய முட்டைக்கோது எல்லாம் வலை வழியாகக் கீழ்த்தட்டில் விழும். அதற்கும் ஒரு நிறை உண்டு. மேலே தங்குவதை வாளி வாளியாகப் பிரிப்போம்: கடதாசி, மட்டை, மெல்லிய பொலித்தீன், கெட்டியான பிளாஸ்டிக், துணி, கண்ணாடி, உலோகம், சாப்பாடு, குழந்தை நப்பி, பற்றரி. ஊசி குத்தாத கையுறை போட்டிருந்தாலும் நப்பி வாளியை யாரும் விரும்பி எடுப்பதில்லை. சாப்பாட்டையும் ஒரே குவியலாக விடுவதில்லை. திறக்காத பாண் பைக்கற், காலாவதியான கோழி, சமைத்து மிஞ்சிய சோறு என்று தனித்தனியாக நிறுக்க வேண்டும். கறுப்புப் பையின் நிறையில் கால் பங்குக்கு மேல் சாப்பாடாக இருப்பது சாதாரணம். பட்டினி கிடந்த ஊரிலிருந்து வந்தவர்களும் எங்கள் குழுவில் இருந்தார்கள். பிரிக்காத பாணை நிறுக்கும்போது அவர்கள் பேசமாட்டார்கள்.

பையைத் திறந்ததும் தமிழ் வீட்டுப் பை என்று எனக்குத் தெரிந்துவிடும். கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சிரட்டை, 10 கிலோ அரிசி வந்த உரப்பை. இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அந்தச் சிரட்டைக்கும் உரப்பைக்கும் நடுவில்தான் இருக்கிறது. இரண்டையும் எரித்தால் இரண்டிலிருந்தும் காபனீரொட்சைட்டு வரும். சிரட்டையில் உள்ள காபன் ஓரிரு வருடத்துக்கு முன் காற்றில் இருந்தது. தென்னை அதை இழுத்துக் காயாக்கியது. எரித்தால் இருந்த இடத்துக்கே திரும்புகிறது. உரப்பை பொலிபுரொப்பிலீன். அதில் உள்ள காபன் கோடிக்கணக்கான வருடம் நிலத்துக்கடியில் எண்ணெயாகக் கிடந்தது. ஒரு கிலோ உரப்பையை எரித்தால் மூன்று கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு காற்றில் புதிதாகச் சேர்கிறது. சட்டம் சிரட்டைக்கு விலை வைக்கவில்லை, உரப்பைக்கு வைக்கிறது. விஞ்ஞானம் இதில் தெளிவாக இருக்கிறது. எனக்கும் இதில் சண்டையில்லை.

ஸ்ட்ரெதத்தின் பெரும்பகுதி லாம்பெத் கவுன்சிலைச் சேர்ந்தது. லாம்பெத், வொன்ஸ்வேர்த், கென்சிங்டன்-செல்சி, ஹமர்ஸ்மித்-ஃபுல்ஹம் ஆகிய நான்கு கவுன்சில்களின் குப்பையை அகற்றுவதற்கென்று 1986இல் உருவான மேற்கு ஆற்றோரக் கழிவு அதிகாரசபை இருக்கிறது. லொறிகள் தேம்ஸ் கரையில் வொன்ஸ்வேர்த்திலும் பட்டர்சீயிலும் உள்ள இறங்குதுறைகளுக்குப் போகும். அங்கே குப்பையை மஞ்சள் கொள்கலன்களில் அடைத்துப் பாதைப்படகில் ஏற்றுவார்கள். இழுவைப்படகு அதை இழுத்துக்கொண்டு டவர் பாலத்தைக் கடந்து கிழக்கே பெல்வடியருக்குப் போகும். அங்கே கோரி நிறுவனத்தின் எரியுலை ஆண்டுக்கு 7 இலட்சம் தொன்னுக்கு மேல் எரித்து மின்சாரம் எடுக்கிறது. ஹை ரோட்டில் தெற்கே போய் நார்பரி தொடங்கும் இடத்தைத் தாண்டினால் குரோய்டன் கவுன்சில். அந்தப் பக்கத்துப் பை ஆற்றைக் காணாமல் பெடிங்டன் எரியுலைக்குப் போகும். ஒரே தெருவின் தொடர்ச்சியில் இரண்டு வீட்டுக்காரர் ஒரே அரிசியின் உரப்பையை வீசினால் அது இரண்டு வேறு புகைபோக்கிகள் வழியாக மேலே போகிறது. இரண்டு புகைபோக்கிக்கும் 2028இலிருந்து கணக்கு வரும்.

அந்தக் கணக்கின் பெயர் ஐக்கிய இராச்சியத்தின் உமிழ்வு வர்த்தகத் திட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டத்திலிருந்து பிரிந்து 2021 ஜனவரியில் இது தனியாகத் தொடங்கியது. மின்நிலையங்கள், இரும்பாலைகள், விமான நிறுவனங்கள் தாங்கள் வெளிவிடும் ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுக்க வேண்டும். சீட்டைச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். குப்பை எரியுலைகளையும் இதற்குள் கொண்டுவரும் எண்ணத்தை அரசு 2023 ஜூலையில் அறிவித்தது. 2025 ஜூலையில் 2028 என்ற தொடக்கத்தை உறுதிசெய்தது. 2026 ஜனவரி முதல் இரண்டு வருடம் அளந்து பார்ப்பதற்கான காலம், அதில் கட்டாயம் இல்லை. டென்மார்க்கும் சுவீடனும் தங்கள் எரியுலைகளை முன்பே இப்படிச் சேர்த்துவிட்டன.

எண்ணெய்க் காபனையும் மரக்காபனையும் புகையில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். உயிருள்ள பொருளில் காபன்-14 கொஞ்சம் இருக்கும். அது 5,730 வருடத்தில் பாதியாகும். எண்ணெயில் அது எப்போதோ முற்றாக அழிந்துபோய்விட்டது. புகைபோக்கியிலிருந்து நாள்கணக்காக மெல்ல மெல்ல எடுத்த வாயு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், எரிந்ததில் எத்தனை பங்கு எண்ணெயிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். நல்ல முறை. ஆனால் அது புகைபோக்கிக்குத்தான் கணக்குச் சொல்லும். எந்தக் கவுன்சிலின் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் வந்தது என்று அதற்குத் தெரியாது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேசைக் கணக்கு. ஒரு தொன் கறுப்புப் பைக் குப்பை எரிந்தால் ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வரும். அதில் பாதியோ, பாதிக்குச் சற்றுக் குறைவோ எண்ணெயிலிருந்து வந்தது. 400 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். சீட்டின் விலை 50 பவுண் என்றால் ஒரு தொன் குப்பைக்கு 20 பவுண் கூடுகிறது. ஆண்டுக்கு 70,000 தொன் எரிக்கக் கொடுக்கும் ஒரு கவுன்சிலை உதாரணமாக வைத்தால் 1.4 மில்லியன் பவுண். சீட்டு விலை நிலையாக நிற்பதும் இல்லை. 2022இல் 100 பவுணை எட்டப் பார்த்தது, 2024 தொடக்கத்தில் 40க்கும் கீழே விழுந்தது, ஐரோப்பியச் சந்தையோடு இணைப்பதாக 2025 மே மாதம் அறிவித்ததும் மேலே ஏறியது. வரவு செலவுத் திட்டம் போடும் கணக்காளருக்கு ஒரு தொகையின் பெரிதைவிட அதன் ஆட்டம்தான் பயம். உள்ளூராட்சிச் சங்கமும் கவுண்டி, மாவட்டக் கவுன்சில்களின் அமைப்புகளும் சேர்ந்து ஒரு மதிப்பீடு வெளியிட்டன: 2028இல் கவுன்சில்களுக்கு வரக்கூடிய செலவு 747 மில்லியன் பவுண் வரை, 2036இல் 1.1 பில்லியன், அந்தக் காலம் முழுவதற்கும் 6.5 பில்லியன் வரை. இது உச்ச மதிப்பீடு. பாதி வந்தாலும் நூலகமும் முதியோர் பராமரிப்பும் நடத்தும் இடத்திலிருந்துதான் அந்தப் பணம் எடுக்கப்படும்.

எரியுலையை நடத்துவது தனியார் நிறுவனம். சீட்டை அவர்கள்தானே வாங்க வேண்டும், கவுன்சிலுக்கு என்ன வந்தது என்று ஒரு கேள்வி உண்டு. இங்கேதான் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

பெல்வடியர் எரியுலை 2011இல் வேலை தொடங்குவதற்கு முன், இதே கொள்கலன்கள் இதே ஆற்றில் இன்னும் கீழே போய் எசெக்ஸில் மக்கிங் என்ற இடத்தில் புதைக்கப்பட்டன. அந்த நிலம் இப்போது இயற்கைப் பூங்கா. புதைப்பதை நிறுத்தச் சொன்னது அரசுதான். 1996 ஒக்டோபரில் தொன்னுக்கு 7 பவுண் என்று புதைப்பு வரி வந்தது; 2025 ஏப்ரலில் அது 126.15 பவுண். 2005இலிருந்து 2013 வரை இங்கிலாந்தில் கவுன்சில்களுக்கென்றே ஒரு சீட்டுத் திட்டம் இருந்தது: அழுகும் குப்பையை அளவுக்கு மேல் புதைத்தால் தொன்னுக்கு 150 பவுண் தண்டம். அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வரும், அது காலநிலைக்குக் கேடு. அதுவும் சரியான சட்டம். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். குப்பையைக் குவித்துவைக்கும் காலத்துக்குத் திரும்பிப் போக நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் அழுத்தத்தில் கவுன்சில்கள் என்ன செய்தன? எரியுலை கட்டப் பணம் போடுகிறவர் 25, 30 வருட ஒப்பந்தம் கேட்பார். கவுன்சில்கள் கையெழுத்துப் போட்டன. மேற்கு ஆற்றோர அதிகாரசபையின் ஒப்பந்தம் 2032 வரை. இப்படியான நீண்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 'சட்ட மாற்றம்' என்று ஒரு பிரிவு இருக்கும். நாடாளுமன்றம் புதிய செலவைக் கொண்டுவந்தால் அதை நடத்துனர் தாங்கமாட்டார், கவுன்சில் தாங்கும் என்பது அதன் பொருள். மேசை வேலையில் நான் அதிகம் வாசித்த பக்கங்கள் அவைதான். வாக்கியம் நீளமாக இருக்கும், ஓரத்தில் முன்னைய அதிகாரிகள் பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கும். ஒரு சட்டம் சொன்னபடி நடந்ததால் கட்டிய எரியுலைக்கு இன்னொரு சட்டம் விலை கேட்கிறது. கேட்கும் கடிதம் நடத்துனருக்கு வருகிறது, பணம் கவுன்சிலிடமிருந்து போகிறது.

சீட்டின் விலை ஏறினால் கவுன்சில்கள் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் என்பது பொருளாதார நிபுணர்களின் எதிர்பார்ப்பு. இதைப் பிரிப்பு மேசையிலிருந்து பார்த்தால் வேறொரு படம் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

செலவைக் கவுன்சில்களுக்கிடையில் பகிர்வது தொன் கணக்கில்தான் வழக்கம். இரண்டு கவுன்சில்களை எடுத்துக்கொள்வோம், ஆளுக்கு 100 தொன் குப்பை. முதலாவது கவுன்சில் சாப்பாட்டுக் கழிவைத் தனியாகச் சேகரித்து 10 தொன்னைக் கறுப்புப் பையிலிருந்து எடுத்துவிடுகிறது. நல்ல வேலை. ஆனால் சாப்பாட்டில் எண்ணெய்க் காபன் இல்லை. அந்தக் கவுன்சிலின் பிளாஸ்டிக் ஒரு கிராமும் குறையவில்லை. இரண்டாவது கவுன்சில் படாத பாடுபட்டு 3 தொன் சுத்தமான பொலித்தீனை எடுத்துவிடுகிறது. அதனால் புகைபோக்கியில் ஏறத்தாழ 9 தொன் எண்ணெய்க் காபனீரொட்சைட்டு குறையும், அதாவது அந்தக் கவுன்சிலின் காபன் கணக்கில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். தொன் கணக்கில் பகிர்ந்தால் முதலாவது கவுன்சிலின் காபன் செலவு பத்திலொன்று குறையும், இரண்டாவதுக்கு நூற்றில் மூன்றுதான் குறையும். காபனைக் குறைத்தவருக்குச் சிறிய பரிசு, குறைக்காதவருக்குப் பெரிய பரிசு. ஒரே மின்மீற்றர் உள்ள வாடகை வீட்டில் நாலு குடும்பம் தலைக்கணக்கில் காசு பிரிப்பது போலத்தான் இது. ஹீற்றரை யார் விடிய விடிய ஓடவிட்டார் என்று மீற்றருக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஒவ்வொரு கவுன்சிலின் பையையும் திறந்து பிரிப்பது. அதிலும் பக்குவம் வேண்டும். கறுப்புப் பையிலிருந்து எடுக்கும் பொலித்தீன் சுத்தமாக இருக்காது. கறிக்குழம்பும் ஈரமும் ஒட்டியிருக்கும். அப்படியே நிறுத்தால் பொலித்தீனின் கணக்கில் குழம்பையும் சேர்த்துவிடுவோம். நல்ல குழுக்கள் ஒரு பகுதியைக் கழுவிக் காயவைத்து மீண்டும் நிறுத்து எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பார்க்கும். நான் பழகிய மேற்பார்வையாளர் ஒருவர், கானா நாட்டுக்காரர், காயவைத்த பொலித்தீனைத் தராசில் வைக்குமுன் கையில் தூக்கிப் பார்த்தே நிறையைச் சொல்லிவிடுவார். தராசு அவரைப் பொய்யாக்கியதை நான் கண்டதில்லை. மில்லியன் கணக்கில் பவுண் நகரப்போகும் ஒரு கணக்குக்கு இந்த அளவு கவனம் தேவை. ஆனால் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவதுதான் வரவு செலவில் முதலில் வெட்டப்படும்.

சரி, கவுன்சில் பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் எப்படிக் குறைக்கும்?

கடைகளுக்கு மேலே இருக்கும் ஃபிளாட்டுகளைப் பாருங்கள். கீழே கடைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான ஒரு கதவு, உள்ளே நேராக ஏறும் படி, மேலே இரண்டு மூன்று குடும்பங்கள். முற்றம் இல்லை, பின்கட்டு இல்லை, மூன்று நிறத்தில் வாளி வைக்க இடம் இல்லை. குறித்த நேரத்தில் பையை நடைபாதையில் வைக்க வேண்டும். நேரம் தப்பினால் தண்டம். இரவு வேலை செய்கிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர்கள், ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தை வாசிக்க முடியாதவர்கள் அதிகம். அந்த ஃபிளாட்டுகளின் பைகளில்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய போத்தலும் பெட்டியும் அதிகம் பார்த்தேன். அக்கறை இல்லாததால் அல்ல. படியில் ஒரு சைக்கிள் நின்றால் ஆள் ஏற முடியாத இடத்தில் மறுசுழற்சி வாளியை எங்கே வைப்பது?

ஹை ரோட்டில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் இதைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். எரிப்பதற்கு விலை வரப்போகிறது, கடைக் குப்பைக்கும் கட்டணம் கூடும் என்றேன். அவர் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வெண்டிக்காய் வந்த ரெஜிபோம் பெட்டி, அதைச் சுற்றிய பொலித்தீன், அதற்கு மேலே இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் நாடா.

"பிள்ளை, இதில ஒண்டும் நான் கேட்டு வாங்கினதில்லை. எனக்கு வெண்டிக்காய் மட்டும்தான் வேணும். அனுப்புறவன் சுத்தி அனுப்புறான், அவிழ்த்து எறியிறதுக்கு நான் காசு கட்டுறன். இப்ப எரிக்கிறதுக்கும் என்னட்டையோ கேக்கப் போறியள்?"

"உங்களிட்ட நேராக் கேக்க மாட்டினம், அண்ணை. கவுன்சிலிட்டக் கேப்பினம்."

"கவுன்சில் ஆரிட்டக் கேக்கும்?"

கவுன்சில் கேட்பதற்கு அவரும் நானும்தான் இருக்கிறோம். அதுவும் அளவோடுதான் கேட்க முடியும். மக்கள் வாக்கெடுப்பு நடத்தாமல் கவுன்சில் வரியை ஆண்டுக்கு 5 வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. லாம்பெத்தின் நிலை ஊரறிந்தது. 2025 பெப்ரவரியில் அரசின் விசேட நிதி ஆதரவு கிடைத்த 30 கவுன்சில்களில் அதுவும் ஒன்று, தொகை 40 மில்லியன் பவுண். நிதி ஆதரவு என்ற பெயரில் வருவது நன்கொடை அல்ல. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவோ சொத்து விற்கவோ கொடுக்கும் அனுமதி. பக்கத்துக் குரோய்டனுக்கு அதே பட்டியலில் 136 மில்லியன். வீடற்ற குடும்பங்களுக்குத் தற்காலிக இடம் கொடுக்கவே லண்டன் கவுன்சில்கள் சேர்ந்து 2024இல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 மில்லியன் பவுண் செலவழித்தன. இதன் மேல்தான் எரிப்புச் செலவு வந்து உட்காரப்போகிறது.

ஸ்ட்ரெதத்தில் காலநிலை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஸ்ட்ரெதம் வெல்ஸ் பகுதியில் கார்களை மறித்த திட்டம்தான். 2023 ஒக்டோபரில் தொடங்கி, ஹை ரோட்டில் பஸ்கள் நகரமுடியாமல் நின்று, 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்குக் கூட்டம், பதாகை, தொலைக்காட்சி எல்லாம் வந்தன. குப்பைக் கணக்குக்கு யாரும் வரவில்லை. பையை வெளியே வைத்ததோடு அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதன் செலவு பல மாதம் கழித்து வேறு ஏதோ ஒரு சேவையின் வெட்டாக வருகிறது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

இந்த ஊருக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஸ்டீவ் ரீட் 2006 முதல் 2012 வரை லாம்பெத் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். 2024 ஜூலையிலிருந்து ஸ்ட்ரெதம், குரோய்டன் வடக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே மாதம் கழிவுக் கொள்கை அடங்கிய சுற்றுச்சூழல் அமைச்சைப் பொறுப்பேற்றார். 2025 செப்டெம்பரில் வீடமைப்பு, உள்ளூராட்சி அமைச்சரானார். காபன் சந்தை எட் மிலிபான்ட் பொறுப்பேற்ற எரிசக்தி அமைச்சின் கையில். ஆனாலும் குப்பைக்கும் கவுன்சிலுக்கும் நடுவில் உள்ள கணக்கு தெரிந்த ஒருவர் அமைச்சரவைக்குப் போனது சிறிய விஷயமல்ல. மத்திய அரசு கவுன்சில்கள் மேல் புதிய சுமையை ஏற்றினால் அதற்குரிய பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று அரசின் சொந்தக் கோட்பாடு ஒன்று இருக்கிறது. எரிப்புச் செலவை அந்தக் கோட்பாட்டுக்குள் கொண்டுவரும்படி கவுன்சில்கள் கேட்கின்றன. நியாயமான கோரிக்கை.

உதவி எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன். பொதிசெய்கிறவர்கள் தங்கள் பொதியின் கழிவுச் செலவைக் கட்டவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2025-26இல் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்குச் சுமார் 1.1 பில்லியன் பவுண் அதிலிருந்து ஒதுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 2026 மார்ச் 31 முதல் வீடுகளிலிருந்து வாராவாரம் சாப்பாட்டுக் கழிவைத் தனியாக எடுக்க வேண்டும். 2027 மார்ச் 31 முதல் மெல்லிய பொலித்தீனையும் மறுசுழற்சியோடு எடுக்க வேண்டும். பொலித்தீன் தனியாக வரத் தொடங்கினால் புகைபோக்கிக் கணக்கு உண்மையில் குறையும். இதெல்லாம் நல்ல திசை. ஆனால் பொதிச் சட்டம் பொதியைத்தான் பிடிக்கிறது. பொலியெஸ்டர் சட்டை பொதியல்ல. நப்பி பொதியல்ல. உடைந்த விளையாட்டுப் பொருள் பொதியல்ல. பிரிப்பு மேசையில் துணி வாளியும் நப்பி வாளியும் எவ்வளவு பாரம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். மலிவு விலை உடுப்பு பெருகப் பெருக அந்தத் துணி வாளிக்குள் எண்ணெய்தான் பெருகுகிறது. அதைத் தைத்து விற்றவருக்கு ஒரு கணக்கும் போவதில்லை, ஸ்ட்ரெதம் கவுன்சில் வரிக்காரருக்குப் போகிறது.

லாம்பெத் 2019 ஜனவரியில் காலநிலை அவசரநிலையை அறிவித்த கவுன்சில். அந்த அறிவிப்பை நான் மனதார ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். சட்டத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று சில கவுன்சில்கள் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தள்ளிப்போட்டால் பெல்வடியரிலும் பெடிங்டனிலும் இன்னும் பல வருடம் உரப்பை இலவசமாக எரியும். நான் கேட்பது வேறு. எரிப்புச் சீட்டிலிருந்து திறைசேரிக்குப் போகும் பணத்தை, பிளாஸ்டிக்கைப் பையிலிருந்து எடுத்துக்காட்டும் கவுன்சிலுக்கே திருப்பிக் கொடுங்கள். துணியும் நப்பியும் விற்பவர்களையும் பொதிக்காரர்கள் வரிசையில் சேருங்கள். செலவைத் தொன் கணக்கில் பகிர்வதை நிறுத்தி, ஒவ்வொரு கவுன்சிலின் பையிலும் உள்ள எண்ணெய்க் காபன் கணக்கில் பகிருங்கள்.

மூன்றாவதுக்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். கழிவு அதிகாரசபைகளும் நடத்துனர்களும் உட்கார்ந்து பேசினால் போதும். புகைபோக்கியை அளந்து பழகத்தான் 2026, 2027 என்ற இரண்டு வருடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதே இரண்டு வருடத்தில் பைகளையும் அளக்கலாம். கோடையில் ஒருமுறை, நத்தார் கழிந்து ஒருமுறை, இடையில் ஒருமுறை என்று ஒவ்வொரு கவுன்சிலும் மேசை போட்டுப் பிரித்து, பொலித்தீனைக் காயவைத்து நிறுத்து, கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். ஸ்ட்ரெதத்தில் மாதிரி எடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தோட்டம் வைத்த தெருக்களில் தொடங்காதீர்கள். கடைக்கு மேலே உள்ள ஃபிளாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அதுவும் தெருக்கூட்டும் வண்டி வருவதற்கு முன்.